வற்றியும் வாழும் ஏரிகள்

மழை பெய்தால் ஏரி நிறையும். மழை ஒழிந்தால் ஏரி வற்றும். இதனை நம் நாட்டில் அறியாதார் இலர். முகையூரிலும், அதனைச் சூழ்ந்த திருக்கோவலூர், விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலும் பிறந்து வளர்ந்த மாணாக்கர் யாவரும் இக்காட்சியை ஆண்டுதோறும் கண்டவரே. கார்த்திகைத் திங்களில் எந்தக் கரைமேல் நின்று அலையெறியும் நீர்ப்பரப்பைக் கண்டார்களோ, அதே கரைமேல் நின்று வைகாசியில் வெடித்த சேற்றையும், மேயும் ஆடுகளையும், பந்தாடும் சிறுவரையும் காண்பர். இவ்விரு தோற்றங்களுள் ஏரி என்பது எது? நீர் நிறைந்தபோது மட்டும் அது ஏரியாகுமா? நீர் வற்றியபோது அது வெறும் பொட்டலாகுமா? இவ்வினா சிறுபிள்ளை வினாப்போலத் தோன்றினும், இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே நம் நிலத்தின் வருங்காலம் அமைந்துள்ளது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆனித் திங்களில் ஒருநாள், மரக்காணத்திற்குத் தெற்கேயுள்ள கழுவேலியின் வறண்ட படுகையில் நடந்து சென்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்மை கலந்த மண்ணும், ஆங்காங்கே காய்ந்த கோரையும் அன்றி வேறொன்றும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை நோக்கி, "ஐயா, இந்தப் பொட்டல் யாருடையது?" என்று வினவினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொட்டலா? இது ஏரி, தம்பி. ஐப்பசிக்கு மேல் வந்து பாருங்கள். நாம் நிற்கிற இடத்தில் பறவை நீந்தும்" என்றார். நூல்கள் பல கற்ற நான் கண்ணாற் கண்டதை மட்டும் கூறினேன். எழுத்தறியாத அம்முதியவரோ காலத்தையும் சேர்த்துக் கண்டார். இக்கட்டுரையிற் கூறப்போவன அனைத்தும் அவர் மொழிக்கு விரிவுரையே எனலாம்.

1. ஏரி வற்றும் வகை

ஒரு பள்ளத்திற் சேர்ந்த நீர் மூன்று வழியாக வெளியேறும். மிகுந்த நீர் வழிந்தோடுவது ஒன்று. மண்ணினுள் ஊறிச் செல்வது மற்றொன்று. வெயிலாலும் காற்றாலும் ஆவியாவது மூன்றாவது. இம்மூன்றனுள் எது மிகுதியோ அதற்கேற்ப ஏரியின் குணமும் வேறுபடும்.

கடலை அடையும் வழியின்றி, நிலத்தின் உட்பகுதியிலேயே அடைபட்ட பள்ளத்தை எண்ணிப் பாருங்கள். ஆறுகள் அதனுட் புகும். வெளியேறும் ஆறு ஒன்றும் இல்லை. வந்த நீர் முழுவதும் பெரும்பாலும் ஆவியாகியே தீர வேண்டும். நீர் ஆவியாகும்; ஆனால் அதனோடு வந்த உப்பு ஆவியாகாது. ஆறுகள் மலையையும் மண்ணையும் அரித்துக் கொணர்ந்த சிறுசிறு உப்புக்கூறுகள் நூறாயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பள்ளத்தின் அடியிற் படிந்து, வெண்பாறை விரித்தாற் போலப் பரவும். பாலைவன ஏரிகள் உப்பேரிகளாயிருப்பதன் காரணம் இதுவே.

நம் ஊர் ஏரிகளோ இங்ஙனமல்ல. கரை கட்டிய முன்னோர் மதகும் வைத்தனர், கலங்கலும் வைத்தனர். மதகின் வழியே வயலுக்கும், கலங்கலின் வழியே அடுத்த ஏரிக்கும் நீர் செல்லும்போது உப்பும் உடன் செல்லும். ஆண்டுதோறும் ஏரி வற்றினும் நீர் நன்னீராகவே இருப்பதற்கு இது பெரியதொரு காரணமாம். வெள்ளத்தால் கரை உடையாமற் காப்பதே கலங்கலின் தொழில் என்று நாம் எண்ணுகிறோம். ஏரியைக் கழுவி நன்னீராக வைத்திருப்பதும் அதன் தொழிலென்று அறிதல் வேண்டும்.

2. ஆஸ்திரேலியாவின் எயர் ஏரி

பாலைவன ஏரிகளுள் உலகப் புகழ் பெற்றது ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலுள்ள எயர் ஏரி. எட்வர்டு ஜான் எயர் என்னும் ஆங்கிலேயர் 1840-ஆம் ஆண்டில் அதனைக் கண்டமையின் அப்பெயர் வழங்கலாயிற்று. அந்நிலத்தின் பழங்குடிகளாகிய அரபனா மக்கள் இட்ட பெயரையும் முன்னே சேர்த்து, 2012 முதல் அதனைக் 'கட்டி தாண்டா எயர் ஏரி' என்று அழைக்கின்றனர்.

அதன் அடித்தளம் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 15 மீட்டர் கீழே உள்ளது. அக்கண்டத்தின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. ஆஸ்திரேலியாவின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு நிலத்தின் நீர் அப்பள்ளத்தை நோக்கியே சரிகின்றது. எனினும், ஏரியின்மேல் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 125 மில்லிமீட்டரே. ஆவியாக்கவல்ல வெயிலின் ஆற்றலோ அதனைப்போல் பன்மடங்கு. ஆதலின் பல ஆண்டுகள் அது வெறும் உப்புப் படுகையாகவே கிடக்கும். வடகிழக்கே நெடுந்தொலைவில் குவீன்ஸ்லாந்து நாட்டில் பெருமழை பெய்யுங்கால், டயமண்டினா, கூப்பர் முதலிய ஆறுகள் பெருக்கெடுத்து, வறண்ட சமவெளியில் வாரக்கணக்காகவும் திங்கட்கணக்காகவும் ஊர்ந்து, ஒரு துளி மழையும் பெய்யாத ஏரியினுள் வெள்ளமாய்ப் புகும். வானம் நீலமாயிருக்க, தரை கடலாகும் விந்தையை அங்கே காணலாம்.

ஐரோப்பியர் அங்குக் குடியேறிய பின்னரும் நெடுங்காலம், அவ்வேரி என்றும் வறண்டே கிடப்பதென்று பலர் நம்பினர். 1949-50-இல் அது நிறைந்தபோதுதான் அந்நம்பிக்கை பிழையென்பது வெளிப்பட்டது. 1974-இல் வந்த வெள்ளமே இதுவரை பதிவானவற்றுள் மிகப் பெரியது. அப்போது ஏரி ஏறக்குறைய 9,500 சதுரக் கிலோமீட்டர் பரந்து, ஆழமான இடத்தில் 6 மீட்டர் அளவு நீர் கொண்டிருந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் பரப்பைப்போல் இரு மடங்கிற்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு, மழையற்ற பாலைவனத்தின் நடுவே தோன்றிப் பின் மறைந்ததென்றால் அதன் பெருமையை என்னென்பது!

இவ்வேரியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. டொனால்டு காம்பெல் என்னும் ஆங்கிலேயர் உலகிலேயே விரைந்தோடும் மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்ட விரும்பி, மேடுபள்ளம் இல்லாத நீண்டதொரு தரையைத் தேடினார். எயர் ஏரியின் உப்புத்தரை அதற்கேற்றதெனக் கருதி 1963-இல் ஆங்கு முகாமிட்டார். பல்லாண்டுகளாக மழை காணாத அவ்விடத்தில் அவ்வாண்டிற்றானே மழை பெய்தது, ஓடுபாதை நீரில் மூழ்கிற்று, முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டு மீண்டும் சென்று, 1964 ஜூலை 17-ஆம் நாள், மணிக்கு ஏறக்குறைய 648 கிலோமீட்டர் விரைவில் ஓட்டித் தம் எண்ணத்தை முடித்தார். ஏரியைச் சாலையென்று கருதியவருக்கு, 'நான் சாலையல்லேன்' என்று ஏரியே நேரிற் கூறியது போலும்!

3. வடநாட்டு உப்பேரிகள்

இந்தியாவின் வடமேற்கிலும் இத்தகைய ஏரிகள் உள்ளன. இராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரி உள்நாட்டு உப்பேரிகளுள் இந்தியாவிலேயே பெரியது. மெந்தா, ரூபன்கர் முதலிய சிற்றாறுகள் மழைக்காலத்தில் அதனுள் நீரைச் சேர்க்கும். வேனிலில் நீர் சுருங்க உப்பு விளையும். நெடுங்காலமாக அங்கு உப்பெடுத்து வருகின்றனர். குளிர்காலத்தில் பூநாரைகள் திரளாக வந்து தங்கும். உலகச் சிறப்புடைய ஈரநிலமென்று 1990-இல் ராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

கூர்ச்சரத்துக் கட்ச் பகுதியிலுள்ள ரண் என்னும் வெளியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மழைக்காலத்தில் அது முழங்கால் அளவு நீருடைய பெருவெளி. வேனிலில் வெள்ளை வெளேரென்ற உப்புத்தரை. நீர் தக்கவாறு நின்ற ஆண்டுகளில் பூநாரைகள் இலட்சக்கணக்கிற் கூடிச் சேற்றினாற் கூடமைத்துக் குஞ்சு பொரிக்கும். பறவையறிஞர் சலீம் அலி 1945-இல் அவ்விடம் சென்று அப்பெருங்குடியிருப்பைக் கண்டு எழுதினார். நீர் குறைந்த ஆண்டிலோ அவை அங்கே கூடு கட்டுவதில்லை.

ஈண்டு ஒரு வேற்றுமையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஏரி தானே வற்றுதல் வேறு. ஏரியை நாம் வற்றச் செய்தல் வேறு. மத்திய ஆசியாவிலுள்ள ஆரல் கடல் 1960-ஆம் ஆண்டளவில் உலகின் மிகப் பெரிய ஏரிகளுள் நான்காவதாக இருந்தது. பருத்திப் பயிருக்காக அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு பேராறுகளின் நீரும் திருப்பப்பட்டமையின், அக்கடல் சுருங்கி, மீன்பிடி ஊர்கள் கரையிழந்தன. படகுகள் மணலிற் கிடந்தன. உப்பும் நஞ்சும் கலந்த புழுதி ஊர்களின்மேல் வீசியது. எயர் ஏரியின் வறட்சியில் மறு வெள்ளத்தின் வித்து உண்டு. ஆரல் கடலின் பெரும்பகுதியில் அவ்வித்து இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் உப்புப் படர்ந்த வெறுந்தரையே. ஒன்று உறக்கம்; மற்றொன்று மரணம். சாம்பர் ஏரிக்கும் இவ்வச்சம் இன்று உண்டு. அதனை நோக்கி வரும் ஓடைகள் தடுக்கப்படுவதாலும், உப்புநீருக்காக ஆழ்குழாய்கள் இறக்கப்படுவதாலும் அது நலிகின்றதென்று அறிஞர் பன்முறை எச்சரித்துள்ளனர்.

4. நம் நாட்டுப் பாலை

'இவையெல்லாம் பாலைவன நாட்டுச் செய்திகள். நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?' என்று மாணாக்கர் வினவலாம். தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது பாலையை என்றும் நிலைத்த தனி நிலமாகக் கொள்ளவில்லை. காடும் மலையும் மழையின்றிக் காய்ந்தபோது அடையும் நிலையையே பாலை என்றனர். இக்கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காணலாம். அஃதாவது, பாலை என்பது நமக்கு ஓர் இடமன்று, ஒரு காலம். மழை பெய்தால் அதே நிலம் மீண்டும் முல்லையாகும், குறிஞ்சியாகும். எயர் ஏரி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவதுபோல, நம் நிலம் ஓராண்டினுள்ளேயே மாறுகின்றது. இதுவே வேறுபாடு.

தமிழகத்தின் தென்கோடியில், சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மணல் தேரிகளின் இடையே தாழ்ந்த பள்ளங்கள் சில உண்டு. அவற்றைத் தருவை என்பர். மழைக்காலத்தில் நீர் பரந்து நிற்கும், பின்னர் வற்றும். உருவத்தில் பாலைவன ஏரிக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு இதுவென்னலாம். ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, குட்டை என்று நீர்நிலைகளுக்கு இத்துணைப் பெயர்கள் வகுத்த மக்கள், வற்றிய நீர்நிலைக்கென வேறு பெயர் இட்டிலர். வற்றிய ஏரியும் அவர்க்கு ஏரியே. மொழி காட்டும் இவ்வுண்மையை நாம் மறந்துவிட்டோம்.

5. கழுவேலி

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இதற்குச் சிறந்த சான்று கழுவேலி. திண்டிவனத்திற்குக் கிழக்கே, வங்கக் கடலை ஒட்டி, வானூர், மரக்காணம் வட்டங்களிற் பரந்து கிடப்பது அது. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டிற்கு அடுத்த பெருமை இதற்கு உண்டென்பர். மேற்கிலும் தெற்கிலுமுள்ள ஊர்களின் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து, ஒன்றன் கலங்கல் நீர் மற்றொன்றிற் புகுந்து, ஈற்றில் எஞ்சிய நீரெல்லாம் கழுவேலியை அடையும். அங்கிருந்து உப்புக்கழி வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்தை அடைந்து கடலிற் கலக்கும். ஆதலின் இதன் தென்பகுதியில் நன்னீரும், கடலை நெருங்கிய வடபகுதியில் உவர்நீரும் உண்டு. கடலுக்கு வழியிருப்பதால் பாலைவன ஏரிபோல் முற்றும் உப்பாகாது. வழி குறுகியிருப்பதால் ஊரேரிபோல் முற்றும் நன்னீருமாகாது. இரண்டிற்கும் இடைப்பட்ட அரியதோர் இயல்பு இதனுடையது.

இது நிறைவதும் வற்றுவதும் எங்ஙனம் என்பதைக் கணக்கினாற் காண்போம். இப்பகுதியில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். அதிற் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடும். பின்னர்ப் பல திங்கள் வானம் வெளுத்தே இருக்கும். நம் வேனிலில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தாழ்வதாகக் கொள்வோம். 50 சதுரக் கிலோமீட்டர் பரந்த நீர்நிலையில் அது நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர் ஆகின்றது! நூறு நாளில் நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கும். இருநூறு நாளில் ஒரு மீட்டர். பரந்தும் ஆழமற்றும் கிடக்கும் கழுவேலி வேனிலில் ஏன் வற்றுகின்றதென்பது இப்போது விளங்கும். யாரும் அதனைக் களவாடவில்லை. கதிரவனே திரும்பப் பெற்றுக்கொள்கிறான்.

மழையும் என்றும் ஒரே அளவாகப் பெய்வதன்று. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு மழையிற் பாதி ஒரே நாளில்! தென்பெண்ணை பெருகி விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் பல நீரில் மூழ்கியதை நம்மவர் யாவரும் அறிவர். அத்தகைய நாளில் பெருவெள்ளத்தைத் தாங்கிக்கொள்ள நிலத்தில் வெற்றிடம் வேண்டும். வேனிலில் நாம் 'வீணாய்க் கிடக்கிறது' என்று கூறும் அப்பரந்த வெளியே அவ்வெற்றிடம். காலியாயிருக்கும் பாத்திரத்திற்றானே பால் கறக்க முடியும்?

6. உறங்கும் உயிர்கள்

வற்றிய ஏரி உயிரற்றதென்று எண்ணுதல் பெரும்பிழை. வெடித்த சேற்றின் அடியில் எத்தனையோ உயிர்கள் மழைக்குக் காத்திருக்கின்றன. நத்தை தன் ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மண்ணிற் புதைந்து கிடக்கும். தவளை ஈரத்தைத் தேடி நிலத்தினுள் இறங்கும். விரால் மீன் காற்றையும் சுவாசிக்க வல்லதாதலின், சிறிது ஈரமுள்ள சேற்றிலும் உயிர் தாங்கும். கோரையின் கிழங்கு நிலத்தடியிற் கெடாமல் இருக்கும். கண்ணுக்கு அரிதிற் புலப்படும் சிற்றிறால் இனங்கள் தாம் மடியினும், ஈரமின்றியும் வெப்பந்தாங்கியும் பல ஆண்டுகள் கெடாத முட்டைகளை மண்ணில் விட்டுச் செல்லும்; நீர் பட்டவுடன் சில நாளில் அவை பொரிந்து நீந்தும். முதல் மழை பெய்த சின்னாளிற் குட்டையில் உயிர்கள் 'எங்கிருந்தோ வந்தன' என்று நம் முன்னோர் வியந்ததன் விளக்கம் இதுவே. அவை எங்கிருந்தும் வந்தில, அங்கேயே இருந்தன.

தாமரை விதையின் செய்தி இன்னும் வியப்புடையது. சீனத்தின் வடகிழக்கே, நெடுங்காலத்துக்கு முன்னர் வற்றிப்போன ஏரிப் படுகையொன்றின் அடிமண்ணில் தாமரை விதைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஏறக்குறைய 1,300 ஆண்டு பழமையுடையதென்று கதிரியக்கக் கரிம முறையால் அளந்தறியப்பட்டது, அவ்விதையும் முளைத்தது. இவ்வாராய்ச்சி 1995-இல் வெளியாயிற்று. ஆயிரம் ஆண்டு கடந்தும் ஏரி தன் தாமரையை மறக்கவில்லை!

பறவைகளுக்கும் வற்றுதல் வேண்டுவதொன்றாம். நீர் ஆழமாயிருக்குங்கால் கூழைக்கடாவும் வாத்தும் வாழும். நீர் குறையக் குறைய நாரைகளும் உள்ளான்களும் வந்து சேரும். ஒதுங்கிய நீரில் மீன்கள் நெருங்கிக் கிடப்பதால் அவற்றிற்கு உணவு எளிதிற் கிடைக்கும். சேறு வெளிப்படும் விளிம்பிலேயே பூநாரை தலைகீழாய் அலகை அளைந்து இரைதேடும். என்றும் ஒரே அளவாக நீர் நிற்கும் ஏரியில் இத்துணை வகைப் பறவைகளுக்கும் இடமிராது. வடக்கே மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் நெடுந்தொலைவு கடந்து அவை கழுவேலியைத் தேடி வருவது இதனாலேயே.

7. வற்றுதலின் பயன்

உழவர்க்கும் அவ்வாறே. ஏரி வற்றியபோது படுகையில் வண்டல் வெளிப்படும். அதனை வண்டியிலேற்றி வயலிற் கொட்டினால், ஏரியின் கொள்ளளவும் பெருகும். நிலத்தின் வளமும் பெருகும். நீர் வடிந்த சேறு காற்றுப் படும்போது அதிலுள்ள இலைதழைகள் மட்கி உரமாகும். அடுத்த நீரில் பாசியும் மீனும் செழிக்க அதுவே முதல். ஆடுமாடுகள் மேய்ந்து எருவிடும். மதகின் பழுதைப் பார்ப்பதற்கும் கரையை வலுப்படுத்துவதற்கும் அக்காலமே ஏற்றது. முற்காலத்தில் ஊர்தோறும் ஏரிப்பணிக்கென ஓர் அமைப்பு இருந்தது. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்னும் குழுவினைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஏரி நிறைந்தபோது மட்டுமன்றி, வற்றியபோதும் அதனைப் பேணும் கடமை அவர்க்கு இருந்தது. வேனில் என்பது அவர்களுக்கு ஏரியை மறக்கும் காலமன்று. ஏரிக்குத் தொண்டு செய்யும் காலம்.

8. நம் பிழை

இக்காலத்து நாம் செய்வதோ வேறு. வற்றிய படுகையைக் கண்டவுடன் நமக்குத் தோன்றும் முதல் எண்ணம், 'இதனை எதற்குப் பயன்படுத்தலாம்?' என்பதே. படுகையின் ஓரத்தில் முதலிற் பயிர் ஏறும், பின்னர்ச் சிறு குடிசை, பின்னர்ச் செங்கற்கட்டடம், பின்னர்ச் சாலையும் மின்விளக்கும். சிலபோது பொதுக் கட்டடங்களும் அங்கேயே எழும். நடுவிலே சீமைக்கருவேலம் காடாய் மண்டும். நீர்வரும் வாய்க்கால் தூர்ந்து போகும். மழை குறைந்த சில ஆண்டுகள் கழிந்தால், அங்கு ஏரி இருந்ததென்பதே பலருக்கு மறந்துபோகும். ஆனால் நீர் மறப்பதில்லை. தாழ்ந்த இடம் எதுவென்று அது தேடிவரும். 2015 டிசம்பரில் சென்னையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வெள்ளம் புகுந்த பகுதிகளுட் பல, முன்னர் ஏரியாகவும் சதுப்பாகவும் இருந்தவையே. அதே சென்னையின் குடிநீர் ஏரிகள் 2019 கோடையில் ஏறக்குறைய முற்றும் வற்றிக் கிடந்தன. வெள்ளமும் வறட்சியும் இரு வேறு துன்பங்களல்ல. நீர்க்குரிய இடத்தை நாம் பறித்துக்கொண்டமையின் இரு பக்கங்கள்.

ஏழை உழவன் ஒருவன் வறண்ட படுகையில் இரண்டு காணி உழுது பிழைப்பதை எளிதாய்ப் பழித்தல் கூடாது. அவனுக்கு வேறு நிலமில்லை என்பதும் உண்மை. நீர் ஏறினால் முதலில் இழப்பவனும் அவனே என்பதும் உண்மை. ஆதலின் அவனுக்கு வேறிடம் தந்து ஏரியைக் காத்தலே நீதி. 'வற்றிவிட்டதே, இனி இது ஏரியன்று' என்னும் வாதமோ யார் கூறினும் ஏற்கத்தக்கதன்று. குளமென்று பதிவாகியிருந்த நிலத்தை வீட்டுமனையாக வழங்கியது செல்லாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கெனத் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கழுவேலியில் 5,151.60 எக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அது ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இவை மகிழ்ச்சி தரும் செய்திகளே. எனினும் பட்டியலில் எழுதிய எழுத்து மட்டும் ஏரியைக் காவாது. கழுவேலிக்கு நீர் தரும் சிற்றேரிகளும் வாய்க்கால்களும் தூர்ந்தால், கடைசியிலுள்ள கழுவேலி எதனால் நிறையும்? சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உறுதியாயிருந்தாலன்றிச் சங்கிலி உறுதியாகாது.

9. மாணாக்கர் செய்து பார்த்தற்கு

இவ்வுண்மையை நூலில் மட்டும் கற்றல் போதாது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணாக்கர் பின்வரும் மூன்றையும் செய்து பார்ப்பாராக.

முதலாவது: வற்றிய ஏரியின் மேற்சேற்றில் ஒரு பிடி எடுத்து, வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்திலிட்டு, மழைநீரை ஊற்றி, வெளிச்சமுள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து, நாள்தோறும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. நீர் பசுமை கொள்வதையும், சிற்றுயிர்கள் நீந்துவதையும் பெரும்பாலும் காணலாம்.

இரண்டாவது: தம் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழி வருகின்றது, கலங்கல் நீர் எந்த ஏரிக்குச் செல்கின்றது என்பவற்றைக் காலால் நடந்து கண்டு, ஒரு படம் வரைக. வாய்க்கால் எங்கே மறைந்ததோ அங்கே ஒரு குறியிடுக.

மூன்றாவது: ஊரிலுள்ள மூத்தோரிடம் அமர்ந்து, ஏரி எந்தெந்த ஆண்டு நிறைந்தது, எவ்வளவு உயரம் நீர் ஏறிற்று என்று கேட்டு எழுதி வைக்க. அவர்கள் நினைவிலுள்ள நீரின் எல்லையே ஏரியின் உண்மையான எல்லை. அந்நினைவு அவர்களோடு மறையுமுன் நாம் அதனைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

முதலிற் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நீர் நிறைந்த தோற்றமும் ஏரி. நீர் வற்றிய தோற்றமும் ஏரி. உறங்குகின்ற ஒருவனைப் பிணமென்று கருதி அவன் வீட்டைப் பங்கிட்டுக்கொள்வார் உளரோ? வற்றிய ஏரியைத் தரிசென்று கருதி நாம் செய்வது அதனின் வேறன்று. எயர் ஏரி என்றும் வறண்டதே என்று எண்ணியவர்க்கு 1949-50-இல் ஏரியே விடை கூறிற்று. நமக்கும் ஒவ்வோர் ஐப்பசியிலும் விடை வருகின்றது; கேட்பதற்குச் செவிதான் வேண்டும். கழுவேலியின் வெறும்படுகையில் நின்று அம்முதியவர் நீரைக் கண்டதுபோல, வற்றிய இடத்தில் வரப்போகும் நீரைக் காணும் கண்ணை நாமும் பெறுவோமாக. கல்வியின் பயன்களுள் அதுவும் ஒன்று.